அவன் பகடையை நீங்கள் ஏன் உருட்டுகிறீர்கள்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் ஆறு பேர், பங்காளிகளும் நண்பர்களுமாக, மூன்று வருடமாகச் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறோம். கதையை நடத்துகிற டி.எம். நான்தான். இடம், சித்தப்பா வீட்டு மாடி அறை. சித்தப்பா மகன் போன தை மாசம் வேலைக்காக மெல்போர்ன் போய்விட்டான். இப்போது வீடியோ காலில் சேர்கிறான், போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொள்கிறோம். அவன் பேசுவது பாதி கேட்பதில்லை, கொட்டாவி வேறு விடுகிறான். நேரம் மிச்சமாகட்டும் என்று, அவன் விட்டுப்போன பகடைகளை நாங்களே உருட்டி எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அவனுக்கே ஆர்வம் குறைந்த மாதிரி தெரிகிறது. மனசு நோகாமல் விலகிக்கொள்ளச் சொல்வது எப்படி?

பதில்: தம்பி, மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டு எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. முக்கால்வாசியில் நோகடிக்கிற காரியம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். உங்கள் கடிதமும் அந்த வகைதான். சத்தம், கொட்டாவி என்று குறை சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு வரியை அவசரமாகத் தாண்டிப் போகிறீர்கள். அவன் பகடையை நீங்கள் உருட்டுகிறீர்கள். அதுவும் அவன் காசு போட்டு வாங்கிய பகடையை!

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆளுக்கொரு பாத்திரம், டி.எம். நிலைமையைச் சொல்வார், நான் இன்னது செய்கிறேன் என்று ஆடுகிறவர் சொல்வார், பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். வாளை ஓங்கும்போது 20 விழுந்தால் எப்பேர்ப்பட்ட எதிரிக்கும் அடி நிச்சயம், 1 விழுந்தால் எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் குறி தப்பும். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மேசையையே பார்க்கிற நேரம் அது. அதைத்தான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். "டேய், உனக்கு 4 விழுந்துச்சு, அடி படலை" என்று போனில் சொன்னால் அவன் அங்கே உட்கார்ந்து எதை ஆடுவான்? ஆர்வம் குறைந்துவிட்டதாம். குறையாமல் என்ன செய்யும்?

எங்கள் அம்மிச்சி சாகும்வரை தாயம் ஆடினவர். கடைசி இரண்டு வருடம் கை நடுங்கும், பித்தளைக் கட்டையை உள்ளங்கையில் நிறுத்தவே முடியாது. நான் சின்னப்பிள்ளை, அவசரக்காரி, "நான் உருட்டறேன் அம்மிச்சி" என்று கையை நீட்டினேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார். அம்மிச்சி கைக்குள் இரண்டு கட்டையையும் வைத்து, விரலை மடக்கி, மணிக்கட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "இப்ப விடுங்கம்மா" என்றார். கட்டை பாதி நேரம் பாயைத் தாண்டி ஓடிவிடும். ஓடிப்போய் எடுத்து வந்து திரும்பவும் அதே மாதிரி. ஒரு ஆட்டம் முடிய மத்தியானம் முழுக்க ஆகும். யாரும் நேரம் மிச்சம் பிடிக்கவில்லை.

கொட்டாவிக் கணக்கையும் பார்த்துவிடலாம். மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால், அவர்கள் கோடையில் ஐந்தரை. உங்கள் ஒன்பது மணி அவனுக்கு நடுராத்திரி ஒன்றரை, இல்லாவிட்டால் இரண்டரை. அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு வந்து உட்காருகிற பையனுக்கா ஆர்வம் இல்லை என்கிறீர்கள்? ஞாயிறு மதியம் இரண்டுக்கு மாற்றினால் அவனுக்குச் சாயங்காலம் ஆறரை ஏழரை. மதியத் தூக்கம் போகும் என்று மற்றவர்கள் முனகினால் முனகட்டும்.

சொம்பில் சாய்த்த போனில் அவனுக்குத் தெரிவது உங்கள் மோவாயும் சுற்றுகிற ஃபேனும்தான். இன்னொரு போனை மேலிருந்து மேசையில் விரித்த ஆட்ட வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி கட்டுங்கள், அல்லது இந்த மாதிரி ஆட்டங்களை இணையத்தில் ஆடுவதற்கென்றே இருக்கிற ரோல்20 தளத்தில் வரைபடத்தை ஏற்றிவிடுங்கள், இலவசக் கணக்கே போதும், யார் உருட்டினாலும் எல்லாருக்கும் தெரியும். சண்டைக் கட்டத்தில் முறைவைத்து ஆடுவதால் அவன் முறை தானாக வந்துவிடும். அவன் காணாமல் போவது மற்ற நேரத்தில், ஐந்து பேரும் ஒரே சமயத்தில் கத்தும்போது. ஒரு மைக் அத்தனையையும் பிரித்துக் கொடுக்காது. அங்கேதான் டி.எம். வேலை இருக்கிறது: அவன் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு முதலில் அவனைக் கேளுங்கள், குரல் வந்துசேர ஒரு விநாடி பொறுங்கள். அவனே உருட்டினால் பொய் எண் சொல்ல மாட்டானா என்று யாராவது கேட்டால், பங்காளியை அந்த அளவுக்குக்கூட நம்பாதவர் எதற்குக் கூட ஆடுகிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருப்பது அவன் வீட்டு மாடி. நாளைக்குச் சித்தப்பாவுக்கு ராத்திரியில் நெஞ்சு வலித்தால் அவன் அங்கிருந்து முதலில் கூப்பிடப்போவது உங்களைத்தான், நீங்களும் ஓடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய கஷ்டத்துக்கு ஓடுகிறவருக்கு வாரம் மூன்று மணி நேரம் அவனைச் சேர்த்துக்கொள்வது பாரமாக இருக்கிறதா? வெளியூர் போன பிள்ளைக்கு இங்கே இடம் வைத்திருப்பது இங்கே இருக்கிறவர்கள் பொறுப்பு. அவன் கேட்டு வாங்குகிற நிலைக்கு விடக்கூடாது.

இந்த வாரமே அந்தப் பகடைகளை, ஒரு செட்டுக்கு வழக்கமாக ஏழு, ஏழும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, தபாலாபீசில் அவன் பேருக்குப் பார்சல் போடுங்கள். சித்தி கூடவே முறுக்கும் பருப்புப்பொடியும் வைக்கச் சொல்வார். ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுச் சாமானுக்குக் கெடுபிடி அதிகம், அதனால் அதை வேறு பெட்டியில், எதற்கு அனுமதி என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். பகடை முதலில் போய்ச் சேரட்டும்.