தக்காளி வேரில் முடிச்சு: உரம் போட்டும் செடி தேறாதது ஏன்?

கேள்வி: தக்காளிச் செடிகள் உச்சிவெயிலில் தொங்கிப்போய், சாயங்காலம் தெளிகின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. நிலக்கடலை வேரில் இருப்பதுபோல இதுவும் நல்ல முடிச்சா? யூரியாவும் நுண்ணூட்டமும் கொடுத்தும் செடி தேறவில்லை. புழு என்றால் அது எப்படி வேருக்குள் போகிறது? என்ன செய்யலாம்?

பதில்: நிலக்கடலை முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். உங்கள் தக்காளியில் வேரே பருத்திருக்கும், முடிச்சைத் தனியாகப் பிரிக்க வராது. இது வேர்முடிச்சு நூற்புழுதான்.

முட்டையிலிருந்து வரும் இளம்புழுவின் நீளம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். வாயில் ஊசி போன்ற ஒரு குழல் உண்டு. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால், இளசான இடமாகப் பார்த்து நுழையும். வெறும் ஊசிக் குத்தில் வேர் வழிவிடாது. செல்சுவர் செல்லுலோஸாலும் பெக்டினாலும் இறுகியிருக்கிறது. இவற்றைக் கரைக்கும் என்சைம்களை, செல்லுலேஸ், பெக்டேட் லையேஸ் போன்றவற்றை, புழு அந்த ஊசி வழியாகவே கக்குகிறது. பெக்டின் இளகியதும் செல்களுக்கு நடுவே நெளிந்து நுனிவரை போய், அங்கே திரும்பி, வேரின் நடுவிலுள்ள நீர்க்குழாய்ப் பகுதிக்கு வந்துவிடும். 2008இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, செல்சுவரைக் கரைக்கும் என்சைம்களுக்கென்றே 60க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன. இவற்றில் பலவும் பாக்டீரியாவிடமிருந்து வந்தவை என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

அப்புறம் நடப்பதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புழு ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள ஐந்தாறு செல்களுக்குள் தன் சுரப்பைச் செலுத்துகிறது. அந்தச் செல்களில் உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரியும், செல் இரண்டாகாது. ஒரே செல்லில் பல பத்து உட்கருக்கள் சேர்ந்து ராட்சத செல்லாகிவிடும். பக்கத்துத் திசுவும் பெருத்து, வெளியே முடிச்சாகத் தெரிகிறது. அதாவது முடிச்சைக் கட்டுவது செடியேதான். இலை தயாரித்த சர்க்கரை இந்த ராட்சத செல்களுக்கு இழுக்கப்பட்டு, புழுவின் வாய்க்குப் போகிறது. நீர்க்குழாய்களும் நெளிந்து சிதைவதால்தான் மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் செடி தொங்குகிறது. நீங்கள் போட்ட யூரியா வேலை செய்யாததற்கும் இதுவே காரணம்.

உருவான முடிச்சை எந்த மருந்தாலும் திரும்ப நல்ல வேராக்க முடியாது. ஆகவே இந்தப் பயிருக்கு மண் அணைத்து, தண்டிலிருந்து புதுவேர் விட வையுங்கள். தண்ணீரைச் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுங்கள். உரத்தை மேலும் கூட்ட வேண்டாம்.

அடுத்த பயிரில் புழு உள்ளே நுழையும் முன்பே தடுக்க வேண்டும். ஒரு பெண்புழு பிசின் போன்ற உறைக்குள் சில நூறு முட்டை இடும், வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும். பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சை இந்த முட்டைகளைத் தாக்கும். முட்டை ஓட்டிலுள்ள கைட்டினையும் புரதத்தையும் தன் என்சைம்களால் கரைத்து உள்ளே போகும். புழு வேருக்குச் செய்வதையே இது முட்டைக்குச் செய்கிறது. மட்கிய தொழுவுரத்தில் கலந்து, நாற்றங்காலிலும் நடவுக் குழியிலும் இடுங்கள். வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள்.

எதிர்ப்பு ரகமும் உண்டு. அதிலுள்ள எம்ஐ மரபணு, புழு தங்கிய இடத்துச் செல்களையே சாகடித்துப் பட்டினி போட்டுவிடும். ஆனால் மண் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். கடுங்கோடையில் அதை மட்டும் நம்பி நட வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் வேர்களை மண்ணில் விட்டுவிடாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள். அதே நிலத்தில் உடனே கத்தரியோ வெண்டையோ வைக்காதீர்கள், இரண்டையுமே இந்தப் புழு விரும்பும். ஒரு போகம் செண்டுமல்லி போட்டால் புழு நன்றாகக் குறையும்.