ஜெமினி இல்லை, மும்பை: அமெரிக்கத் துணைவர் விசா நேர்காணல் கேள்வி பதில்

கல்யாணம் முடிந்து, அமெரிக்காவில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போகக் காத்திருப்பவர்கள் கேட்டவை இவை. நானும் சில வருடங்களுக்கு முன் இதே வழியில் வந்தவள்தான். அதன்பின் சொந்தத்தில் பலருக்குக் கோப்பு அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வக்கீல் இல்லை. பழைய விசா மறுப்பு, போலீஸ் வழக்கு, அனுமதி தாண்டித் தங்கியது என்று ஏதாவது இருந்தால் குடியேற்ற வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

அக்கா, சென்னையிலேயே தூதரகம் இருக்கும்போது எனக்கு ஏன் மும்பை என்று வந்திருக்கிறது? தப்பாகப் போட்டுவிட்டார்களா? (திருநெல்வேலி)

தப்பு இல்லை. சென்னையில் ஜெமினி பாலத்தருகே இருக்கும் துணைத் தூதரக வரிசையில் நிற்பவர்கள் சுற்றுலா, படிப்பு, தற்காலிக வேலை விசாக்காரர்கள். துணைவருக்கான குடியேற்ற விசா நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில்தான். இடம் பாந்த்ரா குர்லா வளாகம். ஆட்டோக்காரரிடம் 'பிகேசி' என்றால் போதும். நேர்காணலுக்கு முன்பே விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும் எடுக்க வேண்டும், அதனால் காலையில் இறங்கி மாலையில் திரும்பும் திட்டம் போடாதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலேயே முடிக்கலாம், ஆனால் தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், தடுப்பூசிகள். சின்ன வயது ஊசி அட்டை பரணில் கிடந்தால் தேடி எடுங்கள், இரண்டு மூன்று ஊசி மிச்சமாகும். ஒட்டிய உறை கொடுத்தால் பிரிக்காதீர்கள்.

அப்புறம், செல்போனை உள்ளே விட மாட்டார்கள். வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் கிடையாது. கூட வருபவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் விடுதி அறையிலேயே வைத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கின்றன. குடும்பப் பெயர் கட்டம் காலி. பிரச்சினை வருமா? (கரூர்)

வரும். இது நம்மூர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் இருக்கும் முழுப்பெயரையும் அந்தக் கட்டத்தில் ஏற்றிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடிப்பார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. விசாவில் வந்தது கிரீன் கார்டுக்கும் போகும், அங்கிருந்து ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று தொடரும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை மருத்துவமனை வரவேற்பறையில் "எஃப்னு... எஃப்னு..." என்று நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டுவிடுங்கள். படிவம் போன பிறகு மாற்றினால் பழையது, புதியது இரண்டையும் கையில் கொண்டு போங்கள்.

எழுத்துப் பிசகையும் இப்போதே பாருங்கள். என் பள்ளிச் சான்றிதழில் அப்பா சுப்ரமணியன், திருமணப் பதிவுச் சான்றிதழில் சுப்ரமணியம். கவனிக்காதது என் தப்புதான். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி உறுதிமொழி வாங்க முழுசாக ஒரு வாரம் அலைந்தேன்.

பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். அவர் லீவில் வந்தது மொத்தம் 19 நாள். போலிக் கல்யாணம் என்று சந்தேகப்பட மாட்டார்களா? (தஞ்சாவூர்)

ஜாதகம் பார்த்து, லீவுக்குள் முகூர்த்தம் குறித்து நடக்கும் கல்யாணங்களை மும்பை அதிகாரிகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். 19 நாள் என்பதை மறைக்கப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

உள்ளே நடப்பது இதுதான். வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நீங்கள், நின்றபடி. கேள்வி எளிமையாக இருக்கும்: எப்படி அறிமுகம், முதலில் யார் பேசினார்கள், கல்யாணம் எங்கே, அவர் எந்த ஊரில் என்ன வேலை, கூட யார் இருக்கிறார்கள், இருவரில் யாருக்காவது இதற்கு முன் கல்யாணம் ஆகியிருக்கிறதா. "தரகர் மூலம் வந்த வரன், முதலில் என் மாமாவும் அவர் அப்பாவும் பேசினார்கள்" என்றால் அதுவே நல்ல பதில். வீட்டில் ஒத்திகை பார்த்த காதல் கதையை அங்கே சொல்லாதீர்கள். ஒரு தங்கை அப்படி ஆரம்பித்து, மனைவியை அழைக்கப் போடும் ஐ-130 மனுவில் கணவர் எழுதியிருந்ததற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டு முழித்தாள். அந்த மனுவின் நகலை வாங்கி இரண்டு தடவை படியுங்கள். அதிகாரி முன்னால் இருப்பது அதுதான்.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரு வீட்டாரும் தெரிகிற மாதிரி பதினைந்து இருபது படங்கள், வந்து போன விமானச் சீட்டுகள், பணம் அனுப்பிய விவரம், மாதத்துக்கு ஒரு பக்கமாகப் பேச்சுப் பதிவு போதும். ஆங்கிலம் புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். குத்துமதிப்பாகத் தலையாட்டாதீர்கள்.

பட்டுப்புடவை கட்டலாமா?

கட்டலாம். வியர்க்கும்.

கணவர் போன மாதம்தான் வேலை மாறினார். ஆதரவுப் பத்திரம் செல்லுமா? (கோவை)

வருபவரைத் தாங்குவேன் என்று கணவர் கையெழுத்திடும் ஆதரவுப் பத்திரம்தான் ஐ-864. அதில் பார்ப்பது, வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது வருமானம் இருக்கிறதா என்று. 2025 கணக்கில் இருவர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலராக இருந்தது. புது நிறுவனத்தின் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், கடைசி வருட வரித் தாக்கல் மூன்றையும் வையுங்கள். போதவில்லை என்றால் அமெரிக்காவில் வசிக்கும் குடியுரிமையுள்ளவரோ கிரீன் கார்டு உள்ளவரோ கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திடலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும் கையெழுத்து அது, சும்மா ஒப்புக்குப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

என் முதல் கல்யாணத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்து, பத்திரத்தில் எழுதி வாங்கினோம். அது போதுமா? (தேனி)

அதை நம்பிக் கிளம்பாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைத்தான் கேட்பார்கள். அது இல்லையென்றால் இரண்டாவது கல்யாணமே செல்லுமா என்ற கேள்வி வரும். நேர்காணல் தேதி வரும்வரை காத்திருக்காமல் வக்கீலிடம் போங்கள்.

என்னவர் கிரீன் கார்டுக்காரர், சீக்கிரம் குடியுரிமை கிடைக்கும். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. என்ன மாறும்? (யாழ்ப்பாணம், நேர்காணல் கொழும்பில்)

உங்களுக்கு நல்லது, குழந்தைக்குக் கவனம் வேண்டும். இப்போது உள்ள எஃப்2ஏ பிரிவில், அதாவது கிரீன் கார்டுக்காரரின் துணைவர், குழந்தைகளுக்கான பிரிவில், குழந்தை உங்கள் மனுவிலேயே சேர்ந்து வரலாம். அவர் குடிமகன் ஆனதும் நீங்கள் வரிசையில்லாத பிரிவுக்கு மாறுவீர்கள், ஆனால் அங்கே ஒரு மனுவுக்கு ஒருவர்தான். குழந்தைக்குத் தனி ஐ-130 போட வேண்டும். இது தெரியாமல் அம்மாவுக்கு விசா வந்து குழந்தை நின்றுபோன வீடுகள் உண்டு.

221(ஜி) என்று சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் போச்சா? (சேலம்)

இல்லை. ஏட்டளவில் மறுப்புதான், ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு தாள் குறைகிறது, அல்லது இன்னும் சரிபார்க்கிறார்கள் என்று அர்த்தம். சீட்டில் கேட்டதை, கேட்டபடி அனுப்புங்கள். ஒரு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் கோப்பு முடிந்துவிடும், பணம் கட்டி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

விசா வந்துவிட்டது! இனி? (கரூர், முன்பு பெயர் பற்றிக் கேட்டவர்)

வாழ்த்துகள் தங்கச்சி. பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் கட்டுங்கள், அப்போதுதான் கார்டு அச்சாகும். விசாவோடு ஒட்டிய உறை கொடுத்திருந்தால் அதைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். இறங்கும் விமான நிலையத்தில் அதிகாரிதான் பிரிப்பார். முத்திரை விழுந்த விசாவே ஒரு வருடத்துக்குக் கிரீன் கார்டு மாதிரி செல்லும். நீங்கள் இறங்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காது, அதனால் வருவது இரண்டு வருடக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.