பொற்கொல்லனைக் கடத்திவிட்டால்?

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை (வாசகசாலை) ஒன்றில் போன மாதம் பேசினேன். பழைய இலக்கியத்துக்குள் புகுந்து கலாட்டா செய்யும் நகைச்சுவை ஃபேண்டஸி நாவல்கள்தான் பேச்சு. கட்டன் சாயா வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கேள்விகள் சட்டைப்பையிலேயே கிடந்தன. பதில்கள் இதோ.

வேலந்தாவளம், கல்லூரி மாணவி: சார், நீங்க சொன்ன ஜாஸ்பர் ஃபோர்டோட 'தி ஐர் அஃபேர்' வாங்கிட்டேன். ஆனா 'ஜேன் ஐர்' படிச்சதில்லை. புரியுமா?

புரியும் அம்மிணி. 'ஜேன் ஐர்' சார்லட் பிராண்டி எழுதிய பழைய ஆங்கில நாவல், ஜேன்தான் அதன் நாயகி. 'தி ஐர் அஃபேர்' 2001-இல் வந்த நாவல், நடப்பது 1985 இங்கிலாந்தில். ஆனால் நமக்குத் தெரிந்த இங்கிலாந்து அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிரிமியப் போர் இன்னும் முடியவில்லை, அழிந்துபோன டோடோ பறவையை வீட்டில் வளர்க்கிறார்கள், நம் ஊரில் சினிமாவுக்கு இருக்கிற மவுசு அங்கே இலக்கியத்துக்கு. தர்ஸ்டே நெக்ஸ்ட் என்கிற பெண்ணுக்கு இலக்கியக் குற்றங்களைத் துப்பறியும் வேலை.

வில்லன் கையெழுத்துப் பிரதிகளைத் திருடுகிறான். முதலில் டிக்கன்ஸின் நாவலிலிருந்து ஒரு சில்லறைப் பாத்திரத்தை வெளியே இழுத்துக் கொல்கிறான். உலகத்திலுள்ள எல்லாப் பிரதிகளிலிருந்தும் அந்த ஆள் காணாமல் போகிறான். அடுத்து சார்லட் பிராண்டியின் கையெழுத்துப் பிரதிக்குள்ளிருந்து ஜேனையே கடத்துகிறான். அந்த நாவலை ஜேன்தானே 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டு போகிறாள்? சொல்ல ஆளில்லை. அதற்குமேல் பக்கங்கள் எல்லாம் வெற்றுத்தாள்!

இந்த இடத்தில் சிரித்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தன்மையில் சொல்லும் கதை என்றால் என்ன என்று வகுப்பில் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் இவ்வளவு பளிச்சென்று பட்டிருக்காது. நீ இதை முதலில் படி, 1847-இல் வந்த மூல நாவலுக்கு அப்புறம் போ. அங்கே முடிவு தெரிந்தே போவாய், அது ஒன்றுதான் நஷ்டம்.

சித்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மாஷே, பெரிய படைப்புகளை இப்படி விளையாட்டுப் பொருளாக்குவது அவமரியாதை இல்லையா? நாளைக்குக் கம்பனையும் தொடுவார்கள்.

தொட்டு வெகுகாலம் ஆயிற்று மாஷே, அதுவும் நம் ஜில்லாவிலேயே. தோல்பாவைக்கூத்து பார்க்காதவரா நீங்கள்? பகவதி கோவில் கூத்துமாடத்தில் 21 விளக்கு வரிசையாக எரிய, திரைக்குப் பின்னாலிருந்து புலவர் கம்பன் பாட்டைத் தமிழில் பாடுவார். பிறகு மலையாளம் கலந்து வியாக்கியானம், தர்க்கம், நடுவே வேடிக்கை. கூத்து எதற்காக? பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனை வதைக்கப் போயிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கவில்லையாம். அவளுக்காகத்தான் இத்தனை ராத்திரி. தவறவிட்ட கதைக்குள் ஒரு தெய்வத்தையே கூட்டிப்போகிற ஏற்பாட்டை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். ஃபோர்டைப் பார்த்து அதிர்ச்சி அடைவது நமக்குப் பொருந்தாது.

கிள்ளிக்குறிச்சிமங்கலத்துக் குஞ்சன் நம்பியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பூப்பறிக்கப் போன பீமன் வழியில் கிடந்த கிழக்குரங்கிடம் வீறாப்பு பேசி, வாலைத் தூக்க முடியாமல் முழி பிதுங்குவதைத் துள்ளல் என்கிற ஆட்டப்பாட்டில் பாடி ஊரையே சிரிக்க வைத்தார். மகாபாரதம் அதனால் இளைத்துப் போகவில்லையே.

ஏளனம் செய்பவன் மூலத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை, அட்டை போதும். ஃபோர்ட் அப்படி இல்லை. அவர் நாவலில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் நடக்கும்போது கூட்டம் வரிக்கு வரி எதிர்க்கேள்வி போட்டுக் கூத்தடிக்கிறது. வசனம் அத்தனை பேருக்கும் மனப்பாடம். மனப்பாடமாகிற அளவுக்கு நேசிக்காதவனால் அந்த அத்தியாயத்தை எழுதவும் முடியாது.

வாளையார் வாசகர்: ஜோம்பிகளை ஜேன் ஆஸ்டின் நாவலில் நுழைத்த புத்தகம் எப்படி?

2009-இல் வந்தது. பெரும்பகுதி ஆஸ்டினின் வாக்கியங்களேதான், இடையிடையே பிணங்கள் எழுந்து நடக்கும். ஐம்பது பக்கம் சிரித்தேன். அதன்பின் பிணங்களைத் தாண்டிக்கொண்டு ஆஸ்டினைத் தேடினேன்.

வாசகி, நல்லேப்பிள்ளி: டெர்ரி பிராட்செட் நாற்பது நாவலுக்கு மேல் எழுதியிருக்காராமே, எங்கிருந்து தொடங்க?

அவருடைய நகைச்சுவை ஃபேண்டஸியான டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மட்டும் 41. வரிசைப்படி போனால் மலைத்துவிடுவீர்கள். 1988-இல் வந்த 'வியர்ட் சிஸ்டர்ஸ்' எடுங்கள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகக் கதையைச் சூனியக்காரிகள் மூவரின் பக்கம் நின்று பார்க்கிறது. அரசனைக் கொன்ற பிரபு, கையில் ரத்தம் போகவில்லை என்று உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறான். நாடகம் போட்டே சூனியக்காரிகளின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறான். மேக்பெத் தெரியாவிட்டாலும் சிரிப்பு வரும். தெரிந்தால் கொஞ்சம் குளிரும்.

அதே வாசகி: தமிழில் இந்த மாதிரி உண்டா?

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்', 1943. பட்டணத்துக்கு வந்த கடவுளைத் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கப் பார்க்கிறார் பிள்ளை. யாருடைய ஆயுள் என்பதுதான் சிக்கல்! அதே வருடத்து 'சாப விமோசன'த்தில் அகலிகை கதைக்குள் நுழைந்தார், அங்கே சிரிப்பே இல்லை. முழுநீள நாவலாக, ஃபோர்ட் மாதிரி ஆட்டம் போட்டது என் கண்ணில் இன்னும் படவில்லை. மொழிபெயர்ப்பதும் லேசில்லை. ஃபோர்டின் பாத்திரங்கள் அடிக்குறிப்பு வழியாகத் தொலைபேசுவார்கள். அதற்கு அவர் வைத்த 'ஃபுட்நோட்டர்ஃபோன்' என்ற ஒட்டுப்பெயரைத் தமிழில் 'அடிக்குறிப்புப் பேசி' என்றால் அரசாங்கச் சுற்றறிக்கை வாசனை வருகிறது.

கோவிந்தாபுரம், இளைஞர்: அப்படின்னா நானே எழுதலாமா? எங்க ஆரம்பிக்கிறது, மாஷே?

தாராளமாக எழுது தம்பி. நாயகனைத் தொடாதே, சில்லறை ஆளைப் பிடி. சிலப்பதிகாரத்திலிருந்து பொற்கொல்லனை மட்டும் யாரோ கடத்திவிட்டதாக வைத்துக்கொள். ராணியின் சிலம்பு திருட்டே போகவில்லை. கோவலன் சிலம்பை நல்ல விலைக்கு விற்று வீடு திரும்பிவிடுகிறான். ஊழ்வினை உருத்து வந்து, யாருக்கு ஊட்டுவதென்று தெரியாமல் மதுரை வாசலில் நிற்கிறது. வஞ்சிக் காண்டம் முழுக்க வெற்றுத்தாள். செங்குட்டுவனுக்கு இமயம்வரை போகக் காரணமில்லை. கேரள, தமிழக எல்லையிலுள்ள மங்கலதேவி மலையில் கண்ணகி கோவில் இல்லை. சித்ரா பௌர்ணமிக்குக் குமுளியிலிருந்து ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அன்று சவாரி இல்லை. எல்லையின் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் எதற்காகக் கூட்டம் போட்டோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

பொற்கொல்லனை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசிக்காதே. கொழிஞ்சாம்பாறையில் ஏதாவது நகைக்கடையில் உட்கார்த்தி வை. பெண்டாட்டி கொலுசை மாற்றக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நானே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.