நாகரிகமாகப் பேசினால் அரசியல் விவாதத்தில் தோற்றுப்போவோமா?

எதிராளி கேவலமாகப் பேசும்போது நாம் மட்டும் நாகரிகம் பார்த்தால் தோற்றுவிட மாட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ராயபுரத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

1949 செப்டம்பரில் இங்கே ராபின்சன் பூங்காவில்தான் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தது. பெரியாரை விட்டுப் பிரிந்தவர்கள்தான். ஆனாலும் தலைவர் பதவியை அவருக்கென்றே காலியாக விட்டார்கள். பெரியாரோ 'கண்ணீர்த்துளிகள்' என்று அவர்களை வருடக்கணக்கில் வறுத்தெடுத்தார், 1967 தேர்தலில் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டார். ஜெயித்த அண்ணா நேரே திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். இதில் யார் தோற்றது? (அதே கட்சியின் தெருமுனைக் கூட்டங்களில் காது கூசும் பேச்சும் உண்டு. எந்தக் கட்சியில் இல்லை?)

வடசென்னையில் குரல் உயர்வது ஒரு விஷயமே இல்லை. "நீ எவ்ளோ வாங்குன?" என்பதுதான் விஷம். அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூரில், ஒரு திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கண்ணெதிரே பார்த்தேன். திட்டத்தை ஆதரித்தவர் 'கம்பெனி கூட்டியாந்த ஆள்', எதிர்த்தவர் 'வெளிநாட்டுக் காசு'. மைக்குக்கு இழுபறி. நடுவில் ஒரு மீனவ அம்மா மைக்கைப் பிடுங்கி, "முன்ன ஆத்துல எறங்கி கையாலயே எறா தடவுவோம். இப்ப கால வச்சா சாம்பல் சேறு முட்டி வரைக்கும் வாங்குது. அத எப்ப எடுப்பீங்க?" என்று கத்திக் கேட்டார்.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இப்படிப்பட்ட கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும், மக்கள் சொன்னதைத் தொகுத்து அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும். திட்டத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவுக்குப் போவது அந்தக் குறிப்புதான். படித்தபோது அம்மாவின் கேள்வி முழுசாக இருந்தது. மற்ற ரகளை எல்லாம் 'சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது.

மேடையில் இருந்த ஒருவர் அந்த அம்மாவிடம் "மரியாதையாப் பேசும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் சாம்பல் படிகிறவரிடம் மெல்லப் பேசு என்று சொல்வது நாகரிகத்தில் சேராது, வாயடைக்கும் வேலை.

'கம்பெனி ஆள்' என்று திட்டு வாங்கியவரை வெளியே டீக்கடையில் பார்த்தேன். ஒப்பந்தத் தொழிலாளி. பணி நிரந்தரம் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர். அவர் குடியிருப்பதும் அந்த அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். சாம்பலைப் பற்றி அவரிடமும் கேட்டிருந்தால் குறிப்பில் இன்னொரு வரி ஏறியிருக்கும்.