வர்ணமும் காட்டூனும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இதைக் கேட்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, என்றாலும் கேட்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். அப்பா, அம்மா, அண்ணா குடும்பம், நான். பள்ளிக்கூடக் காலத்தில் வயலின் படித்து வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சையில் தரம் நான்கு வரை முடித்தேன். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வந்ததும் நிறுத்தியாயிற்று. பிறகு வேலை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் ஏலாது என்பதால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறேன். வயலினைத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

நேற்றைய நாளைச் சொல்கிறேன், மற்ற நாட்களும் இப்படித்தான். காலையில் தேங்காய் துருவி, சம்பல் இடித்து, இடியப்பம் அவித்து, சொதி வைத்தேன். எல்லாரும் போன பிறகு வீடு கூட்டி, உடுப்புத் தோய்த்து மொட்டைமாடியில் காயப்போட்டு, சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து சமைத்தேன். இடையில் கிடைத்த நேரத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பயிற்சிகள், மோகன ராகத்தில் அமைந்த வர்ணம் என்ற உருப்படியில் பல்லவி. சேர்ந்தாற்போல் அரை மணித்தியாலம்கூட வாசிக்கவில்லை. பின்னேரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை நித்திரை கொள்ளும், அப்போது வாசிக்க முடியாது. இரவு அண்ணாவின் மகனோடு இருந்து பழைய டொம் அன்ட் ஜெரி பார்த்தேன். ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

“காட்டூன் பார்க்கிற நேரத்துக்கு வயலினை எடுக்கலாமே” என்கிறார் அண்ணா. அதுவும் சரிதானே என்று படுகிறது. காட்டூனை விட்டுவிடவா? தரம் ஐந்துக்கு இந்த வருடம் விண்ணப்பிக்கலாமா? இன்னொன்று, சில டொம் அன்ட் ஜெரி படங்களில் மட்டும் சத்தமெல்லாம் வெறும் வீட்டுக்குள் கேட்பதுபோல ஒரு மாதிரி இருக்கிறதே, அது ஏன்?

ஒரு வாசகி,
வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

காட்டூனை விடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாள் முழுக்க நீங்கள் இன்னொருவர் வாசிக்கிற இசையைக் கேட்பது அந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும்தான். அதையும் விட்டால் உங்கள் காதுக்கு என்ன மிஞ்சும்?

நான் சொல்வது பழைய டொம் அன்ட் ஜெரி. எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக வில்லியம் ஹனாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்து, 1940இலிருந்து 1958 வரை வெளிவந்த 114 படங்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஸ்கொட் பிராட்லிதான் இசை. பேச்சு மிகக் குறைவு. பூனை பதுங்குவதையும் எலி எட்டிப் பார்ப்பதையும் இரும்புச் சட்டி தலையில் விழுவதையும் வாத்தியங்கள்தான் சொல்கின்றன. (டொம்மின் அந்தப் பிரபலமான அலறல் மட்டும் ஹனாவின் சொந்தக் குரல். மருமகனுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.)

இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் சாதகத்துக்கே (வயலின் பயிற்சிக்கே) உதவும். படச்சுருளில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். இத்தனை சட்டத்துக்கு ஒரு தாளத் தட்டு என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அந்தக் கணக்கில்தான் படமும் வரைவார்கள், இசையும் எழுதுவார்கள். ஒலிப்பதிவின்போது வாசிக்கிறவர்களின் காதில் ‘டிக் டிக்’ என்று அந்தத் தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த முறையைத் தொடக்கத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் கார்ல் ஸ்டாலிங். மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் இருந்து வாசித்தவர், பிறகு 1936 முதல் 1958 வரை வோர்னர் பிரதர்ஸ் காட்டூன்களுக்கு இசையமைத்தவர்.

இப்போது நம்முடைய கணக்குக்கு வாருங்கள். 24 சட்டத்துக்கு ஒரு தட்டு என்றால் விநாடிக்கு ஒன்று. 12 சட்டத்துக்கு ஒன்று என்றால் இரண்டு. 6 என்றால் நான்கு. நீங்கள் காலையில் சரளி வரிசையை வாசிக்கிற முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் இதேதான். டொம் பதுங்கி நடக்கும்போது தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். காலடி தட்டில் வந்து விழும். துரத்தல் தொடங்கியதும் வேகம் கூடும், ஆனால் நீங்கள் பிடித்த தாளம் சில இடங்களில் உள்ளே அப்படியே நிற்கும். காலம் மாறும்போது கை தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

டொம் பியானோ கச்சேரி செய்கிற படம் உங்களுக்கு நினைவிருக்கும். 1947இல் ஒஸ்கார் வாங்கியது. லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ‘இரண்டாவது ஹங்கேரிய ராப்சோடி’ என்ற உருப்படியை டொம் வாசிக்க, பியானோவுக்குள் படுத்திருக்கிற ஜெரி விழித்துக்கொள்கிறது. அதை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்த இடத்தில் ஜெரி குறுக்கே வருகிறது, எங்கே டொம்முக்குக் கோபம் ஏறுகிறது என்று காதுக்கே தெரியும். அப்புறம் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். மருமகனோடு விளையாட்டாகவே செய்யலாம், ஏறக்குறைய ஏழு நிமிடம்தான்.

இன்னொரு படத்தில், 1944இல் வந்தது, ஜெரி ஒரு நாய்ப்பொம்மையின் தலையை மாட்டிக்கொண்டு நடக்கும். அந்த இடத்துக்குப் பிராட்லி பன்னிரண்டு ஸ்வரத்தையும் சமமாக வைத்து எழுதுகிற முறையைக் கையாண்டார். ஷோன்பேர்க் என்ற இசையமைப்பாளர் உருவாக்கிய முறை அது. நமக்கும் ஸ்வரஸ்தானம் பன்னிரண்டுதான், ஆனால் ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, ஊன்றிக்கொண்டு அதில் சிலவற்றைத் தெரிந்தெடுத்தால்தான் ராகம். இங்கே ஊன்ற ஷட்ஜமே கிடையாது. எலிக்கு நாய்த்தலை எப்படிப் பொருந்தவில்லையோ அப்படியே இசைக்கும் கால் தரையில் படவில்லை. சுருதிப் பெட்டியோடு வளர்ந்த காதுக்கு அது உடனே உறைக்கும். குழந்தைகள் பார்க்கிற படத்தில் ஒருவர் இவ்வளவு உழைத்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

நீங்கள் கேட்ட ‘ஒரு மாதிரி’ படங்கள் வேறு. எம்.ஜி.எம். தன் காட்டூன் பிரிவை 1957இல் மூடியது. பிறகு 1961–62இல் ஜீன் டைச் என்பவர் செக் நாட்டின் பிராக் நகரில், குறைந்த செலவில், 13 படங்கள் எடுத்தார். அங்கே இசையமைத்தவர்கள் வேறு, சத்தங்கள் எதிரொலியோடு தனியாக விழும், இசை அசைவோடு ஒட்டாமல் ஒரு ஓரமாகப் போகும். வெறும் வீட்டுக்குள் கேட்பதுபோல என்று எழுதினீர்களே, மிகச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் எடுத்தவை 34. காது பழக்குவதற்கு என்றால் 1958க்கு முந்தியவற்றையே பாருங்கள். தொலைக்காட்சிக்கென்று பிறகு வந்த காட்டூன்கள் பலவற்றில் ஏற்கெனவே பதிந்து வைத்த இசைத் துண்டுகளையே திரும்பத் திரும்பப் பொருத்தினார்கள்.

கொழும்பில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் காட்டூன்மேல் இன்னொரு கடனும் இருக்கிறது. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பிறகு சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் காட்டூன்களைச் சிங்களத்தில் குரல் கொடுத்துத் தந்தார். டொக்டர் டூலிட்டில், ‘தொஸ்தர ஹொந்த ஹித’ (நல்ல மனசு டொக்டர்) ஆனார். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலர் தெருவில் பழகுவதற்கு முன்பே சிங்களத்தை அங்கேதான் காதில் வாங்கினோம். டொம் அன்ட் ஜெரிக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. மூன்று மொழி வீடுகளிலும் ஒரே இடத்தில்தான் சிரித்தார்கள்.

சரி, சாதகத்துக்கு வருவோம். சேர்ந்தாற்போல் நேரம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். துண்டு துண்டாகக் கிடைத்தால் துண்டு துண்டாகவே வாசிக்கலாம், ஒரு துண்டில் ஒன்று மட்டும் என்றால். பத்து நிமிடத்தில் சரளி, ஜண்டை, வர்ணம் மூன்றையும் ஓட்டி முடிக்கப் பார்த்தால் மூன்றும் கையில் நிற்காது. இடியப்பம் அவிகிற நேரத்தில் முதற்காலத்தில் சரளி மட்டும், ஒரு ஸ்வரத்துக்கு முழு வில் இழுத்து. உடுப்புக் காயப்போடும்போது வர்ணத்தின் சிட்டை ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். குழந்தை நித்திரையாக இருக்கிற பின்னேரம் வில்லைத் தொடாமல் இடது கை விரல்களை மட்டும் தந்தியில் வைத்து எடுங்கள். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். வேலை செய்துகொண்டே பாடுவது பாடமாக்க உதவும், நாதத்தைத் தராது. அதற்கு வயலினைக் கையில் எடுத்து, வேறு ஒன்றிலும் மனம் போகாமல் இருக்கிற நேரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அந்த நேரம் எங்கே இருந்து வரும்? அண்ணா காட்டூனைக் காட்டுகிறார். நான் குசினியைக் காட்டுவேன். உங்கள் கடிதத்தில் தேங்காய் துருவியதும் கூட்டியதும் தோய்த்ததும் சந்தைக்குப் போனதும் நீங்கள். அண்ணா வருவது ஒரே இடத்தில், உங்களுக்கு நேரக் கணக்குச் சொல்கிற இடத்தில். அம்மாவைப் பார்க்க நீங்கள் வேலையை விட்டீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. அதற்காக முழு வீட்டு வேலையும் உங்கள் பெயருக்கு எழுதப்பட்டதாக ஆகாது. அண்ணாவிடம் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. இரண்டே இரண்டு வேலையைக் கேளுங்கள்: காலையில் தேங்காய், மாலையில் வேலையால் வரும்போது சந்தை. காலி வீதியில் இறங்கித்தானே வீட்டுக்கு வருவார், மீனும் மரக்கறியும் வாங்கி வருவது பெரிய பாடு இல்லை. மீனை முதல் நாளே வெட்டிக் கழுவிக் குளிரூட்டியில் வைத்தால் உங்களுக்குக் காலை பத்து மணியிலிருந்து முக்கால் மணித்தியாலம் கிடைக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அப்போது விழித்திருக்கும்.

வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லவேண்டும். கடல்காற்று உப்பு, தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் தந்தியையும் ரொசின் தூளையும் உலர்ந்த துணியால் துடைத்து, வில்லைத் தளர்த்தி, பெட்டியை மூடி வையுங்கள். ஈரக்காற்றில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகினால் பலமாகத் திருகவேண்டாம்.

தரம் ஐந்துக்கு விண்ணப்பியுங்கள். எப்போது என்றால், அந்த மோகன வர்ணத்தைப் பல்லவியிலிருந்து கடைசிச் சரண ஸ்வரம் வரை, இரண்டு காலத்திலும், நடுவில் நிற்காமல் வாசிக்க முடிகிற கிழமையில். விட்டுப்போன கைக்கு அது வர சில மாதம் எடுக்கும், இந்த வருடம் தவறினாலும் அடுத்த வருடம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை இப்போதே அண்ணாவை எடுத்து வரச் சொல்லுங்கள். பிராட்லியின் படங்களில் எது உங்களுக்கும் மருமகனுக்கும் அதிகம் பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா