கிளைட், சோர்: என்ன வித்தியாசம்?

"ஆங்கிலத்தில் கிளைட் (glide), சோர் (soar) இரண்டுமே சிறகடிக்காமல் பறப்பதுதானே, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. உயரம் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கையில் இருக்கும் உயரத்தைச் செலவழித்து முன்னால் போவது கிளைட். பறக்கும் அணில் மரத்துக்கு மரம் தாவுவது இதுதான் (பெயர்தான் பறக்கும் அணில், தாவிய உயரத்துக்கு மேலே போகாது). 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே எரிபொருள் தீர்ந்து, இரண்டு என்ஜினும் நின்றபின், 19 நிமிடம் போல கிளைட் செய்தே அசோரஸ் தீவில் தரையிறங்கியது. அதில் இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். அந்தச் செய்தியில் சோர் என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

சோர் என்றால் காற்றின் தயவில் ஏறுவது, அல்லது இறங்காமல் தாக்குப்பிடிப்பது. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று எழும்பும். அதைத் தெர்மல் என்பார்கள். கழுகு அதற்குள் வட்டமடித்தே மேலே போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போதும் கழுகு தன்னைச் சுற்றியுள்ள காற்றில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்க, காற்று மூன்று மீட்டர் ஏறினால், கழுகுக்கு இரண்டு மீட்டர் லாபம். மேலே போகும் எஸ்கலேட்டரில் மெதுவாகக் கீழ்ப்பக்கம் நடந்தாலும் மாடிக்குத்தானே போய்ச் சேருவோம், அப்படி. ஆக, சோர் செய்யும் பறவை கிளைடும் செய்கிறது. அகராதிகள் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் இவ்வளவு குழப்பம் என்று எனக்குத் தோன்றும்.

ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைக்கு தெர்மலும் தேவையில்லை. கடலை ஒட்டி வீசும் காற்று மெதுவாகவும், சற்று மேலே வேகமாகவும் இருக்கும். அந்த வேக வித்தியாசத்திலேயே ஏறி இறங்கி வெகுதூரம் போய்விடும்.

என்ஜின் இல்லாத விமானத்தின் பெயர் கிளைடர், ஆனால் அதை ஓட்டும் விளையாட்டை சோரிங் என்பார்கள். 2018-ல் பெர்லான் 2 என்ற கிளைடர் ஆண்டிஸ் மலைக் காற்றலைகளில் ஏறி 76,000 அடியைத் தாண்டியது. வெறும் கிளைடிங்கில் அது நடக்காது.

அன்றாட ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். விலை, வெப்பநிலை, நம்பிக்கை எல்லாம் சோர் ஆகும். அன்னமும் பனிச்சறுக்கு ஆடுபவரும் கிளைட் ஆவார்கள்; அங்கே உயரம் ஒரு பொருட்டல்ல, அலுங்காமல் நகர்வதுதான் விஷயம்.

அப்புறம், ஹோவர் இரண்டிலும் சேராது. அது ஒரே இடத்தில் நிற்பது, ஹெலிகாப்டர் மாதிரி.