தீர்ப்பு கிடைத்துவிட்டது, பணம் வரவில்லை: இனி நீதிமன்றமே வசூலித்துத் தருமா?

சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உங்களுக்குச் சாதகமாக ஆணையிட்டு மாதங்கள் கடந்தும் எதிராளி ஒரு வெள்ளி கூடத் தரவில்லை, இனி நீதிமன்றமே வசூலித்துத் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக முன்வந்து தராது. நீங்கள் மனுச் செய்து, கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டி, எதிராளியின் பணமோ பொருளோ இன்ன இடத்தில் இருக்கிறது என்று கைகாட்டினால் அதை எடுத்துத் தரும். கைகாட்டும் வேலை முழுக்க நம்முடையது என்பதைத் தீர்ப்பு வரும் நாளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான் வழக்கறிஞர் அல்லள். செனோக்கோ பக்கம் ஒரு சிறு சமையற்கூடம் வைத்து, தங்குவிடுதிகளில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு அனுப்பும் தனியுரிமைத் தொழில் செய்பவள். சட்டம் படித்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஒன்றிரண்டு நுணுக்கங்களைத் திருத்தக்கூடும்; திருத்தட்டும். ஆனால் பாக்கிப் பணத்துக்காக அலைந்த அனுபவம் என்னுடையது.

பெரிய கட்டுமான நிறுவனத்திடமிருந்து துணைக் குத்தகையாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆட்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த நிறுவனம் சாப்பாட்டுக் காசைத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதம் தவறாமல் பிடித்துக்கொண்டது. எனக்குத் தருவதை மட்டும் நிறுத்திவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'தொழிலில் நொடித்துப்போன மனிதரை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரி நீதிமன்றத்துக்கு இழுத்தாள்' என்று என் காதுபடவே பேசியவர்கள் உண்டு. நொடித்துப்போனவருக்கு நான் தவணை கொடுத்திருக்கிறேன், பாக்கியைத் தள்ளுபடியும் செய்திருக்கிறேன். இவர் கையில் வாங்கிய காசைக் கொடுக்காதவர்.

பாக்கி 17,000 வெள்ளிக்குச் சற்று மேல். நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000 வரை போகலாம். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை என்பதால் கையெழுத்திட்ட டெலிவரி ரசீதுகளை நானே அடுக்கி வைத்து வாதாடினேன். இயக்குநர் மறுக்கவே இல்லை. தவணையில் கட்டுவதாகப் பணிவோடு ஒப்புக்கொண்டார், முதல் தவணையைக் கட்டினார், பிறகு தொலைபேசியை எடுப்பதை விட்டுவிட்டார்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகளின்படி, பொருளை ஜப்தி செய்து விற்பதற்கும், எதிராளிக்கு வேறொருவர் தர வேண்டிய கடனை முடக்குவதற்கும் தனித்தனியாக மனுப் போட வேண்டியதில்லை. அமலாக்க ஆணை என்ற ஒன்றையே கேட்டு, அதற்குள் எந்த வழிகள் வேண்டும் என்று குறிப்பிட்டால் போதும். நான் முதலில் ஜப்தியைத்தான் கேட்டேன். அப்போது என்னிடம் இருந்த தகவல் அவருடைய அலுவலக முகவரி மட்டுமே.

ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்தளத்தில் அந்த அலுவலகம். ஜப்தி செய்ய வந்த நீதிமன்ற அலுவலரான அமீனா மிகவும் மரியாதையாகப் பேசினார், குரலை உயர்த்தவே இல்லை. நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கவாட்டில் வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் ஒட்டுவில்லை இருந்தது. அதைத் தொட முடியாது. குளிர்சாதனப் பெட்டிகள் கட்டட உரிமையாளருடையவை. கீழே நின்ற லாரி தவணைக் கொள்முதலில் வாங்கியது, கடன் முடியும் வரை நிதி நிறுவனத்துக்குச் சொந்தம். கணினிகள் இருந்த மேசைக்கு அமீனா நகர்ந்ததும், இயக்குநரின் மனைவி ஒரு கோப்பைத் திறந்து, அவை அதே முகவரியில் பதிவான இன்னொரு நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டவை என்று பில்லைக் காட்டினார். அந்தப் பில்கள் பிளாஸ்டிக் உறையில், எடுத்து நீட்டுவதற்கென்றே வைத்தது போல வரிசையாக இருந்தன. மிஞ்சியவை சில நாற்காலிகளும், ஒரு இரும்பு அலமாரியும், பாதுகாப்புத் தலைக்கவசங்களும். ஏலக்காரரின் செலவுக்கே அவை காணாது. அமீனாவின் வருகைக்கான கட்டணம் என் பையிலிருந்து போனது. அதை எதிராளியின் கணக்கில் சேர்க்கலாம் என்றாலும், அசலே வராதபோது அந்தச் சலுகையால் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் எல்லோரும் 'அவருடைய வீட்டை எடுக்க வேண்டியதுதானே' என்கிறார்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பட்ட கடனுக்கு, தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, இயக்குநர் தம் சொந்தப் பணத்தைத் தர வேண்டியதில்லை. அவர் தனிமனிதராகவே கடன்பட்டிருந்தாலும், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை, சாதாரணமாகக் கடன் கொடுத்தவர்கள் ஜப்தி செய்யச் சட்டம் இடம் தராது. மத்திய சேம நிதிக் கணக்கில் இருக்கும் பணத்தையும் நெருங்க முடியாது. இந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் இங்கே பல குடும்பங்கள் தெருவுக்கு வராமல் இருக்கின்றன என்பதால், என் பணம் போனாலும் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு வழி திறந்தது விசாரணை ஆணையில். தீர்ப்புக் கடனாளியை, நிறுவனமென்றால் அதன் பொறுப்பாளரை, நீதிமன்றத்துக்கு வரவழைத்து, என்ன சொத்து இருக்கிறது, எங்கிருந்து வருமானம் வருகிறது, எந்த வங்கியில் கணக்கு என்றெல்லாம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்கலாம். ஆணையை அவர் கையில் நேரடியாகச் சேர்ப்பிக்க வேண்டும். அதுவே ஒரு பாடு. ஆனால் சேர்ப்பித்த பிறகும் வராமல் இருந்தால் நீதிமன்ற அவமதிப்பாகி, சிறை வரை போகலாம். என் தொலைபேசியை எடுக்காதவர் அன்றைக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

வங்கி அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கணக்கில் இருந்த மீதி பரிதாபமானது. பணம் வந்த நாளிலேயே வெளியே போயிருந்தது. நான் பார்த்தது எங்கே போனது என்பதை அல்ல, எங்கிருந்து வந்தது என்பதை. ஒரே முதன்மைக் குத்தகை நிறுவனத்திடமிருந்து மாதா மாதம் தொகை வந்துகொண்டிருந்தது. அந்த வேலை இன்னும் நடக்கிறதா, செய்த வேலைக்குக் கடைசியாகக் கேட்ட தொகை சான்றளிக்கப்பட்டுவிட்டதா, எப்போது வரும் என்று கேட்டேன். 'ஆமாம்' என்று சொல்வதற்குள் அவர் தண்ணீர்ப் புட்டியை இருமுறை திறந்து மூடினார்.

அதன் பிறகு அமலாக்க ஆணையில் கேட்டது ஜப்தி அல்ல, அந்த முதன்மை நிறுவனம் இவருக்குத் தர வேண்டிய தொகையை முடக்குவது. முடக்க அறிவிப்பு போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தத் தொகையை அவர்கள் இவரிடம் கொடுக்கக் கூடாது. அறிவிப்பு போன பிறகுதான் இயக்குநர் முதன்முறையாகத் தாமாகவே என்னை அழைத்து, "அக்கா, மேல் கம்பெனி வரைக்கும் போகலாமா, என் பேர் கெட்டுப்போச்சே" என்றார். பணத்தைக் கொடுத்திருந்தால் பேரும் கெட்டிருக்காது என்று சொன்னேன். பாக்கியில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தது. மீதியை, அடுத்த மாதத் தொகையும் முடங்கிவிடுமோ என்ற பயத்தில், அவரே கட்டி முடித்தார்.

நிறுவனத்தைக் கலைக்க மனுப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கடன் 15,000 வெள்ளியைத் தாண்டி, சட்டப்படியான கோரிக்கை அறிவிப்பு கொடுத்து மூன்று வாரத்துக்குள் பணம் வராவிட்டால் அந்த வழியும் உண்டு. தனிமனிதர் என்றால் திவால் மனு. ஆனால் கலைப்பில் நான் வரிசையில் நிற்க வேண்டியவள், தொழிலாளர் சம்பளத்துக்கு என்னைவிட முன்னுரிமை. அது நியாயம்தான், அவர்கள் என் கையால் சாப்பிட்டவர்கள். அதைவிட, நிறுவனம் படுத்துவிட்டால் அவர்களுடைய வேலையும் போகும் என்பதால் அந்த அறிவிப்பை நான் அனுப்பவே இல்லை.

என் கோபம் எல்லாம் இடையில் புத்தி சொன்னவர்கள் மேல்தான். 'நம்ம ஆட்களுக்குள்ளே கோர்ட்டா' என்று ஒரு கூட்டம். 'ஆள் வைத்து வசூல் பண்ணு' என்று இன்னொரு கூட்டம். வாசலில் பதாகை பிடித்து நிற்கும் ஆட்களை அனுப்பினால், தொல்லைக்கு எதிரான சட்டத்தின்படி கடனாளி நம்மீதே புகார் செய்ய முடியும். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு வம்பில் மாட்டுவதைப் போல மதிகேடு வேறில்லை.

உங்கள் எதிராளி தனிமனிதரா நிறுவனமா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. நிறுவனமென்றால் முதலில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் அதன் விவரத்தை வாங்கி, இன்னும் உயிரோடு இருக்கிறதா, இயக்குநர்கள் யார் என்று பாருங்கள். தனிமனிதரென்றால், அவர் உங்களுக்கு முன்பு தந்த காசோலையையோ வங்கிப் பரிமாற்ற விவரத்தையோ தேடி எடுங்கள். எந்த வங்கியில் கணக்கு என்பது அதில் இருக்கும், அந்தக் கணக்கை முடக்கக் கேட்கலாம். இரண்டும் கையில் இல்லையென்றால் ஜப்திக்குப் பணம் கட்டாமல் விசாரணை ஆணைக்கு மனுச் செய்யுங்கள். படிவங்கள் குழப்பினால் ஹேவ்லாக் சதுக்கத்தில் அரசு நீதிமன்றக் கட்டடத்திலேயே சமூக நீதி நிலையம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் வருபவர்களுக்கு உதவுவது அவர்கள் வேலை, போகும்போது நடுவர் மன்ற ஆணையின் நகலை எடுத்துச் செல்லுங்கள்.